வலப்பக்கத்து வலி

ஆனிமேரிக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. மாட்டுத்தாவணியில் கொட்டாம்பட்டி பஸ் கிளம்புவதற்குள் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தாள். எழுந்து இறங்கிப் போய்க் கழிப்பறை வரிசையில் நின்றாள். திரும்பி வந்து நடைவழிப் பக்கத்து ஓரத்தில் உட்கார்ந்தாள். டிரைவர் ஏறி சாவியைத் திருகியபோது மறுபடியும் இறங்கிப் போகலாமா என்று எழுந்து நின்றாள்.

"என்ன மேரி, பஸ்ஸுக்குள்ளயே நடந்து கொட்டாம்பட்டி போயிருவ போலயே? உக்காரு" என்றாள் ஜெஸி.

ஜெஸி, ஆனிமேரியின் கணவன் ஜூடின் அக்கா. மடியில் பூப்பந்தும் காலடியில் பழக்கூடையுமாக, பட்டுச்சேலை கசங்காமல் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். ஈஸ்டர் முடிந்து வந்த சனிக்கிழமை அது. கொட்டாம்பட்டியில் சித்தப்பா மகளுக்கு நிச்சயதார்த்தம். பந்தல் வேலைக்கு ஆள் வேண்டுமென்று ஜூடு முந்தின நாளே பைக்கில் போய்விட்டான். பெண்கள் இருவரும் காலை பஸ்ஸில் போவதாக ஏற்பாடு.

"வயிறு ஒரு மாதிரி இருக்கு மதினி. காலைல சாப்புட்ட இட்லி சேரல."

"நீ எங்க சாப்புட்ட? ஒரு வாய் பிட்டுட்டுத் தட்ட அங்கிட்டுத் தள்ளுன. உன்னயக் கூப்புட வீட்டுக்கு வந்தப்ப நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்."

இந்தக் கண்ணுக்குப் பயந்துதான் ஆனிமேரி இரண்டு வாரமாக ஞானஒளிவுபுரத்தில் இருந்த ஜெஸியின் வீட்டுப் பக்கமே போகவில்லை.

முதலில் காய்ச்சல் வரப்போகிறது என்றுதான் நினைத்தாள். பள்ளிக்கூடத்தில் பரீட்சை நேரம். ஒன்பதாம் வகுப்பு அறையில் மேற்பார்வைக்கு நின்றால் கால் ஓய்ந்து போயிற்று. சாயங்காலம் ஜெபமாலை சொல்லும்போதே தலை தொங்கியது. கடுகு தாளிக்கிற வாசனை மூக்கில் ஏறினால் வாசலுக்கு ஓடத் தோன்றியது. மார்பு கனத்து, ரவிக்கை உரசினாலே வலித்தது. தூக்கத்தின் நடுவே சிறுநீர் கழிக்க எழுந்து எழுந்து போனாள். பிறகுதான் ஒரு நாள், கரும்பலகையில் தேதி எழுதிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. மாதவிலக்கு தள்ளிப்போயிருந்தது.

அன்று பள்ளி விட்டதும் வீட்டுக்குப் போகாமல் ஆரப்பாளையம் வரை போய், முகம் தெரியாத ஒரு மருந்துக்கடையில் பரிசோதனை அட்டை வாங்கி வந்தாள். மறுநாள் விடியலில் இரண்டு கோடுகள் தெரிந்தன. கழிவறைக் கதவில் சாய்ந்துகொண்டு சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. அட்டையைப் பேப்பரில் சுருட்டிக் கொண்டுபோய் அடுத்த தெருக் குப்பைத்தொட்டியில் போட்டாள். ஜூடிடம் சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. கல்யாணமாகி ஐந்தாம் வருடம் முதல்முறையாக உண்டானபோது அன்றைக்கே ஜூடிடம் சொன்னாள். ஏ.சி. பழுது பார்க்கப் போன வீட்டு மாடியிலேயே நின்று அவன் அக்காவுக்குப் போன் போட்டான். ஞாயிற்றுக்கிழமைக்குள் கோயிலில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஆளாளுக்குத் தலையில் கை வைத்து ஜெபித்தார்கள். ஜெஸி மாங்காயும் பலகாரமுமாக வந்து இறங்கினாள். அடுத்த மாதமே கரு கலைந்துவிட்டது. அதன்பிறகும் விஷயம் தெரியாதவர்கள் அவளை நிறுத்தி, "இப்ப எத்தனாவது மாசம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஜூடு யாரிடமும் பேசாமல் மொட்டைமாடியில் போய் உட்கார்ந்துகொள்வான். இந்தத் தடவை மூன்று மாதம் முடிந்து, ஸ்கேனில் பிள்ளையைப் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பது என்று அவள் தீர்மானித்துக்கொண்டாள்.

புதன்கிழமை வலி தொடங்கியது. அடிவயிற்றில் வலப்பக்கம் மட்டும் யாரோ விரலால் அழுத்திப் பிடித்திருப்பதுபோல வலித்தது. பக்கத்து வகுப்பு டீச்சர் சரண்யாதேவி அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், கேஸா?" என்று கேட்டாள். ஆனிமேரிக்கு அந்த வார்த்தை வசதியாக இருந்தது. "ஆமா டீச்சர், கேஸ்தான்" என்று சொல்லிச் சுக்குக்காப்பி குடித்தாள். வலி கொஞ்சம் மட்டுப்பட்டது. அன்றைக்கு ராத்திரி போனில் தேடிப் பார்த்தாள். ஆரம்ப மாதங்களில் அடிவயிற்றில் லேசாக இழுத்துப் பிடிப்பது இயல்பு என்று ஒரு பெண் மருத்துவர் எழுதியிருந்தார். அந்த வரியோடு நிறுத்திக்கொண்டாள். அதற்குக் கீழே எழுதியிருந்ததைப் படிக்கப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை துணியில் பழுப்பாக ஒரு கறை பட்டிருந்தது. போன தடவையும் இப்படித்தான் தொடங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போனால் போய்விட்டது என்று சொல்லிவிடுவார்கள். போகாதவரை இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளலாம். படித்தவள்தான் அவள். ஆனாலும் மனது அப்படிக் கணக்குப் போட்டது.

பஸ் ஒத்தக்கடையைத் தாண்டி யானைமலையை ஒட்டி ஓடியது. வெயில் ஏறிவிட்டது. அனல்காற்று ஜன்னல் வழியே முகத்தில் அடித்தது. ஜெஸி நிச்சயதார்த்தத்துக்கு யார் யார் வருகிறார்கள், மாப்பிள்ளை வீட்டில் என்ன சொன்னார்கள் என்று பேசிக்கொண்டே வந்தாள். ஆனிமேரி உம் கொட்டினாள். சீட்டில் நேராக உட்கார்ந்தால் வலித்தது. முன்னால் குனிந்தாலும் வலி குறையவில்லை. காலை மாற்றிப் போட்டாள். ஒரு வேகத்தடையில் பஸ் தூக்கிப் போட்டபோது, வலப்பக்கம் ஏதோ படக்கென்று அறுந்ததுபோல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தாள். உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டியது. ஆனால் குளிரடித்தது.

கொஞ்ச நேரத்தில் வயிற்றுவலி ஒரே இடத்தில் இல்லாமல் வயிறு முழுக்கப் பரவியது. கழிப்பறைக்குப் போயே ஆகவேண்டும்போல ஆசனவாயில் ஓர் அழுத்தம். அது போதாதென்று வலது தோள்பட்டையின் உச்சியில் ஒரு வலி தொடங்கியது. ராத்திரி தலையணை சரியில்லாமல் படுத்ததுதான் என்று நினைத்துத் தோளைத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க ஒன்றும் ஆகவில்லை. மூச்சை இழுத்தால் தோளில் குத்தியது.

வயிற்றுக்கும் தோளுக்கும் என்ன சம்பந்தம்?

போனை எடுத்தாள். புதன்கிழமை பாதியில் விட்ட பக்கம் அப்படியே இருந்தது. கீழே தள்ளினாள். 'ஒரு பக்கமாக வரும் கடுமையான வலி, இரத்தக்கசிவு, தோள்பட்டை நுனியில் வலி, தலைசுற்றல், மயக்கம் இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். உயிருக்கு ஆபத்து.' எழுத்துகள் கண்முன் கலங்கின. மறுபடி படிக்க முயன்றாள். வரிகள் நீந்தின.

கொட்டாம்பட்டிக்குப் போய்விட்டால் ஜூடு இருப்பான், அவனிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு நினைப்பு ஓடியது. அதற்குள் விழுந்துவிட்டால்? பக்கத்தில் உட்கார்ந்திருப்பது ஜெஸி. உலகத்தில் யாருக்குத் தெரியக்கூடாது என்று நினைத்தாளோ அவளேதான்.

"மதினி."

"ம்?"

"மதினி, நான் உண்டாயிருக்கேன்."

ஜெஸியின் முகம் மலர்ந்தது. வாய் திறந்தது. அந்த வாய் எதுவும் சொல்வதற்குள் ஆனிமேரி அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"சந்தோசப்படாதீங்க. என்னமோ தப்பா இருக்கு. வலப்பக்கம் வலி தாங்க முடியல. தோளு வலிக்குது. நேத்துலருந்து கறை படுது. கண்ணு இருட்டிக்கிட்டு வருது. என்னய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

ஜெஸி அவள் முகத்தைப் பார்த்தாள். உதடு வெளுத்திருந்தது. தொட்டுப் பார்த்தாள், நெற்றி ஈரமாக, சில்லென்று இருந்தது.

"ஜூடுக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது."

ஏன் என்று ஜெஸி கேட்கவில்லை. ஒரு நொடி அவள் கண் ஜன்னல் பக்கம் போய்த் திரும்பியது. பிறகு எழுந்து நின்று, பஸ் முழுக்கக் கேட்கிற குரலில் கண்டக்டரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே! மேலூர் கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கிட்ட பஸ்ஸ நிறுத்துங்க!"

"பஸ்ஸ்டாண்டுலதாம்மா நிக்கும். எறங்கி ஆட்டோ பிடிச்சுப் போங்க."

"எந்தம்பி பொண்டாட்டி இங்க மயங்கிட்டு இருக்கா, நீங்க ஆட்டோங்கிறீங்க! பிள்ளத்தாச்சி அண்ணே. உசுரு போயிட்டா நீங்க வந்து பதில் சொல்லுவீகளா?"

கண்டக்டர் வந்து பார்த்தார். பார்த்ததும் விசில் அடித்துக்கொண்டே டிரைவரிடம் ஓடினார். முன்சீட்டில் இருந்த ஒரு பெரியம்மா எழுந்து இடம் கொடுத்து, "பிள்ளைய நீட்டிப் படுக்க வையி" என்றாள். பஸ் எங்கும் நிற்காமல் ஓடி, மேலூரில் ஆஸ்பத்திரிக்கருகே நின்றது. கண்டக்டரும் இன்னொருவரும் ஆனிமேரியைத் தாங்கி இறக்கினார்கள். பழக்கூடையும் பூப்பந்தும் பஸ்ஸிலேயே போய்விட்டன. ஜெஸிக்கு அது மறுநாள்தான் நினைவுக்கு வந்தது.

உள்ளே பணியில் இருந்தவள் டாக்டர் அஸ்வினி. ஆனிமேரியைவிட வயதில் சின்னவளாகத் தெரிந்தாள். நாடியைப் பிடித்த கை நகரவில்லை. இரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ் சொன்ன எண்ணைக் கேட்டதும் அவள் குரல் மாறியது.

"கடைசியா எப்ப தலைக்குக் குளிச்சீங்க?"

ஆனிமேரி சொன்னாள்.

"வலி எப்ப ஆரம்பிச்சுது? எந்தப் பக்கம்? தோள் வலி இருக்கா?"

"இருக்கு டாக்டர். வலது தோளு."

டாக்டர் ஜெஸியை ஒரு பார்வை பார்த்துவிட்டு நர்ஸிடம் திரும்பினாள். "ரெண்டு கைலயும் ஊசி போடுங்க. சலைன் வேகமா போகட்டும். ஸ்கேன் இங்கயே கொண்டாங்க. நூத்தியெட்டுக்குச் சொல்லுங்க, மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போன் போட்டு நான் பேசறேன்."

அடிவயிற்றில் குளிர்ந்த பசை தடவி ஸ்கேன் கருவியை வைத்து நகர்த்தினார்கள். ஆனிமேரி திரையைப் பார்க்கத் தலையைத் திருப்பினாள். போன தடவை இதுபோன்ற ஒரு திரையில் ஒரு சின்ன வட்டத்தைக் காட்டியிருந்தார்கள். இப்போது அந்த வட்டம் எங்கேயும் இல்லை.

"டாக்டர், இருக்கா?"

அஸ்வினி கருவியை எடுத்துவிட்டு அவள் முகத்துக்கு நேராகக் குனிந்தாள்.

"நல்லா கேளுங்க. கரு கருப்பைல தங்கல. வலப்பக்கம் இருக்கிற டியூப்ல தங்கிருச்சு. அது வளர வளர டியூப் கிழிஞ்சு உள்ள ரத்தம் கசிஞ்சிட்டிருக்கு. உள்ள சேர்ற ரத்தந்தான் மேல குத்தி உங்களுக்குத் தோள்ல வலிக்குது. உடனே ஆப்பரேஷன் பண்ணணும்."

"பிள்ளைய எடுத்து உள்ள வைக்க முடியாதா?"

கேட்ட பிறகுதான் எவ்வளவு சின்னப்பிள்ளைத்தனமாகக் கேட்டுவிட்டோம் என்று தோன்றியது. டாக்டர் சிரிக்கவில்லை.

"முடியாதும்மா. அந்த எடத்துல எந்தக் கருவும் பொழைக்காது. இப்ப நம்ம உங்களத்தான் பாக்கணும். நீங்க எதுவும் தப்பு பண்ணல. பஸ்ஸ விட்டு எறங்குனீங்க பாருங்க, அதுதான் பெரிய விசயம்."

ஆம்புலன்ஸ், அவர்கள் பஸ்ஸில் வந்த வழியே மதுரைக்குத் திரும்பி ஓடியது. மேலே ஆடிய சலைன் பாட்டிலைப் பார்த்தபடி ஆனிமேரி கிடந்தாள். ஜெஸி பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து அவள் கையைப் பிடித்திருந்தாள். பட்டுச்சேலையில் அழுக்கும் ஈரமும் திட்டுத்திட்டாக இருந்தன. இடது கையில் போனை வைத்துக்கொண்டு ஜூடிடம் பேசினாள்.

"டேய், நான் சொல்றத மட்டும் கேளு. மேரிய பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். வயித்துல ஆப்பரேஷன். நீ பைக்க மெதுவா ஓட்டிட்டு வா. மெதுவான்னா மெதுவா... எதுக்குன்னா? வாடா, வந்து தெரிஞ்சுக்க. அங்க யாருகிட்டயும் எதுவும் சொல்லாத."

ஆனிமேரி கண்ணைத் திறந்து பார்த்தாள். ஜெஸி பார்வையை விலக்கிக்கொண்டு, "தூங்கிராத மேரி, என்கிட்டப் பேசிக்கிட்டே வா" என்றாள். ஜெஸி வாய்க்கு வந்த ஜெபத்தைத் தொடங்கினாள். ஆனிமேரி பாதியில் அவளோடு சேர்ந்துகொண்டாள்.

ஆஸ்பத்திரியில் தயாராக நின்றிருந்தார்கள். கணவர் வந்துவிடுவாரா என்று ஒரு டாக்டர் கேட்டபோது, "அவரு வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். நானே கையெழுத்துப் போடறேன்" என்றாள் ஆனிமேரி. எழுத்து கோணலாக வந்தது. ஸ்டிரெச்சரைத் தள்ளிக்கொண்டு போகும்போது கூரை விளக்குகள் ஒவ்வொன்றாகப் பின்னால் ஓடின. நான்கு நாளாக ஓயாமல் அலைந்த மனது, மயக்கம் கொடுக்க மூக்கில் மூடியை வைத்தபோதுதான் முதல்முறையாக ஓரிடத்தில் நின்றது.

கண் விழித்தபோது சாயங்கால வெயில் வார்டு ஜன்னலில் சாய்ந்திருந்தது. கையில் இரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. ஜூடு காலடியில் நின்றிருந்தான். நிச்சயதார்த்த வீட்டுச் சந்தனம் சட்டையில் அப்படியே காய்ந்திருந்தது. அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் காலையில்தான் கேட்டான்.

"என்கிட்டக் கூடவா சொல்லத் தோணல?"

"சொன்னா நீங்க சந்தோசப்படுவீங்க" என்றாள் ஆனிமேரி. வறண்டிருந்த உதட்டை நனைத்துக்கொண்டாள். "அப்புறம் அது போயிருச்சுன்னா உங்க மூஞ்சிய நான் பாக்கணும். போன தடவ பாத்ததே எனக்குப் போதும்."

ஜூடு கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அந்த மூஞ்சியப் பாக்கவாவது நீ இருக்கணும்ல மேரி. இன்னும் ஒரு மணி நேரம் விட்டிருந்தா ஆள் இல்லன்னு டாக்டர் சொல்றாரு. எனக்கு எம்புட்டு வருத்தம் வந்தாலும் நான் தாங்கிக்கிருவேன். இத எப்புடித் தாங்குறது?"

அவள் அவன் கையை இழுத்துத் தன் கன்னத்தின் கீழ் வைத்துக்கொண்டாள்.

வராந்தாவில் ஜெஸியின் குரல் கேட்டது. நிச்சயதார்த்தத்துக்கு வந்திருந்த அத்தையிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "ஆமா அத்த... குடல்வால்தான். திடீர்னு வீங்கிருச்சாம்... இல்ல இல்ல, வேற ஒண்ணும் இல்ல, குடல்வால்தான்." பேசி முடித்து உள்ளே வந்தவள், ஆனிமேரி விழித்திருப்பதைப் பார்த்துத் திகைத்து நின்றாள்.

"அது எந்தப் பக்கம் இருக்கும்னு உங்க அத்த கேட்டா என்ன சொல்லுவீங்க மதினி?"

"வலப்பக்கம்தான? நர்ஸம்மாகிட்டக் கேட்டுக்கிட்டுத்தான் போனையே எடுத்தேன்" என்றாள் ஜெஸி.

ஆனிமேரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் தையல் சுரீரென்று இழுத்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவளுக்கு நிறுத்தத் தெரியவில்லை. அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று மூன்று பேருக்கும் தெரியவில்லை. போன தடவை அழாததையும் சேர்த்து அழுதாள். ஜெஸி கட்டிலில் உட்கார்ந்து, தையலில் கை படாமல் அவள் தலையை மட்டும் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"நீ எப்ப சொல்லச் சொல்றியோ அப்ப சொல்றேன். சொல்ல வேணாம்னா சாகுற வரைக்கும் குடல்வால்தான்."

மாமியார் பார்க்க வந்தபோது ஆனிமேரி தானாகவே உள்ளதைச் சொன்னாள். பள்ளிக்குத் திரும்பிய அன்று சரண்யாதேவியிடமும் சொன்னாள். "அன்னைக்கு நான் கேஸான்னு கேட்டேனே டீச்சர்" என்று அவள் கண் கலங்கியபோது, "நீங்க கேட்டீங்க, நான்தான் ஆமான்னு சொன்னேன்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனாள். தெருவில் நிறுத்திக் கேட்டவர்களிடம் விரும்பினால் சொன்னாள், விரும்பாவிட்டால் வேலை இருக்கிறது என்று நடந்தாள்.

ஜூன் மாதம் மறுபரிசோதனைக்கு இருவரும் போனார்கள். ஜூடு அரைநாள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தான். இடப்பக்கத்து டியூப் நன்றாக இருப்பதாக டாக்டர் சொன்னார். சில மாதம் உடம்பு தேறட்டும் என்றார். ஒருமுறை இப்படி ஆனவர்களுக்கு மறுபடி ஆகும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் இதற்குப் பிறகு நல்லபடியாகப் பெற்றவர்கள் நிறையப்பேர் என்றும் சொன்னார்.

"அடுத்த தடவ நாள் தள்ளிப்போனதுமே வந்துருங்க. வலி வரட்டும்னு காத்திருக்கக் கூடாது. கரு எந்த எடத்துல இருக்குன்னு சீக்கிரமே பாத்துருவோம்."

வெளியே வந்து ஜூடு பைக்கை எடுத்தான். கோரிப்பாளையம் சிக்னலில் வண்டிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. பின்னால் இருந்து அவன் காதருகே குனிந்து ஆனிமேரி சொன்னாள்:

"அடுத்த தடவ மொத ஆளா உங்ககிட்டத்தான் சொல்லுவேன்."

"வேணாம். மொதல்ல டாக்டர்கிட்டச் சொல்லு" என்றான் ஜூடு. "அந்த ரூமுக்கு வெளியதான் நான் நிப்பேன். கதவத் தொறந்துக்கிட்டு வந்து என்கிட்டச் சொல்லு."

பச்சை விளக்கு விழுந்தது. பின்னாலிருந்த ஆட்டோ பொறுக்கமாட்டாமல் ஹாரன் அடித்தது. அவள் அவன் தோளை நன்றாகப் பிடித்துக்கொண்டாள்.